பிடிமண் எடுத்த கை

கல்யாணம் முடிக்காத பொம்பளையை எந்த வரிசையில் நிறுத்துவது என்று எங்கள் வகையறாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. கட்டிக்கொடுத்தவள் என்றால் கவலை இல்லை, புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுவாள். நான் எங்கும் போகவில்லை. முப்பத்து நாலு வருஷம் போலீஸில் வேலை பார்த்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். வேண்டாம் என்று தோன்றியது, செய்யவில்லை. அதற்கு மேல் துருவினால் எனக்குக் கோபம் வரும்.

மாசி சிவராத்திரி அன்று எங்கள் குலசாமி கோயிலில் தலைக்கட்டு வாசிப்பார்கள். தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பத்துக்குத் தலையாக நிற்கிற ஆம்பளை. பூசாரி நோட்டை விரித்து ஒவ்வொரு பேராக வாசிப்பார். பேருக்குரியவன் முன்னால் போய்த் திருநீறு வாங்குவான், வெட்டிய கிடாயில் ஒரு கூறு கறி வாங்குவான். மீசை ஒழுங்காக முளைக்காத பயல்கூடக் கல்யாணம் முடிந்த மறுமாசமே நோட்டில் ஏறிவிடுவான். நான் மட்டும் தம்பியின் பேருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவன் வாங்கி வந்து அதில் கொஞ்சம் எனக்குத் தருவான்.

நானும் கேட்காமல் இல்லை. சண்டை போட்டிருக்கிறேன், ஒரு வருஷம் கறியைத் தூக்கி வீசிவிட்டு வந்திருக்கிறேன். "ஒத்தப் பொம்பளைய எப்பிடித் தாயி தலைக்கட்டுல சேக்க? வழமை இல்லியே" என்பார் பூசாரி. ஸ்டேஷனில் என் குரல் கேட்டால் ரவுடிப் பயல்கள் லுங்கியை இறக்கிவிட்டு நிற்பார்கள். இங்கே நான் யாரோ. ஒவ்வொரு சிவராத்திரிக்கும் இந்த எரிச்சலோடுதான் வீடு திரும்புவேன்.

இந்தத் தை அமாவாசைக்கு மறுநாள் தம்பி போன் செய்தான். அவன் ராஜபாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான்.

"யக்கா, கோயில ரோட்டுப் பக்கம் கொண்டாந்துருவோம்னு முடிவாயிருச்சு. நேத்து சாமிகிட்ட உத்தரவு கேட்டாச்சு. துன்னூறு வந்துருச்சு, சாமிக்குச் சம்மதந்தான். பிடிமண்ணு எடுக்கணும்."

எங்கள் அம்மன் இருப்பது சோழபுரம் பக்கம், ஆற்றங்கரையில் ஒரு பழைய கல்மண்டபத்துக்குள். பாலத்தில் இறங்கிக் கரையோடு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வயசானவர்களால் நடக்க முடியவில்லை, அதனால் புதிதாகப் போடுகிற நாலுவழிச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மனை பார்த்துக் கோயில் கட்டப் போகிறார்களாம். சாமியை இடம் மாற்ற எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. பழைய இடத்தில் சாமியின் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய்ப் புதுப் பீடத்துக்கு அடியில் போட்டால் சாமி கூடவே வந்துவிடும். அதுதான் பிடிமண். மண் போன பிறகு பழைய இடம் வெறும் இடம். அங்கே எருமையைக் கட்டினாலும் கேட்க ஆள் இல்லை.

எங்கள் வகையறாவில் இதற்குக் கெடுபிடி ஜாஸ்தி. மூத்த வழியில் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர்தான் எடுக்க வேண்டும். வலது கையில் எடுத்த மண்ணோடு, மூடிய கையைத் திறக்காமல், ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வந்து, பாலத்தடியில் வைத்திருக்கிற புதுப்பானையில் போட வேண்டும். நடுவில் வாய் திறந்தாலோ மண் சிந்தினாலோ சாமிக்குச் சம்மதம் இல்லை என்று பொருள். அந்தத் தலைமுறையில் மறுபடி கேட்கக் கூடாது.

பெரியப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்த வழியில் இப்போது மூத்தது நான்தான். வேறு வீட்டுக்குப் போகாததால் இன்னும் வகையறாக்காரியாகவும் இருக்கிறேன். அறுபத்திரண்டு வருஷமாக நோட்டில் இடம் இல்லாதவளுக்கு, மண்ணள்ள மட்டும் இடம் கிடைத்துவிட்டது.

"அப்பம் என்னயத் தேடுதிகளோ?" என்றேன்.

"கோவப்படாதக்கா. இந்தச் சிவராத்திரியில இருந்து ஒம் பேரயும் தலைக்கட்டுல சேத்துருதோம்னு கமிட்டித் தலைவரே சொல்லிட்டாவ. ஒம் பேரச் சொல்லி வாசிப்பாங்க. போதுமா?"

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எதற்கு இடம் மாற்றுகிறீர்கள், யாருடைய மனை, பழைய மண்டபத்தை என்ன செய்வீர்கள் என்று எதையும் கேட்கவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் குறுக்கு விசாரணை செய்தவள், என் பேரை வாசிப்பார்கள் என்றதும் சரி என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பாலத்தடியில் போய் இறங்கினேன். பதினைந்து ஆம்பளைகள் வந்திருந்தார்கள். தம்பி, பூசாரி, கோயில் கமிட்டித் தலைவர், மற்றவர்கள் கூட்டத்துக்கு. தலைவர் எனக்குச் சித்தப்பா மகன், என்னைவிட எட்டு வயசு இளையவன். நாலு டிப்பர் லாரி ஓடுகிறது. வெள்ளைச் சட்டையும் கையில் இரண்டு போனுமாக வந்து, "வா யக்கா, ஒன்னால ஆகணும்னு இருக்கு பாத்தியா" என்று இளித்தான். என் கைப்பையை வாங்கிச் சுமக்க மூன்று பேர் கை நீட்டினார்கள். அந்த மரியாதையைப் பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது. போன வருஷம் இதே பயல்கள் நான் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

கரையோடு நடந்தோம். ஆறு என்று சொல்லத்தான் ஆறு. மழைக்காலம் முடிந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, நடுவில் ஒரு சிறு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. மீதியெல்லாம் குழி. ஆளை முழுங்குகிற ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, மேலே சீமைக்கருவேலத்தை வளரவிட்டிருந்தார்கள். குழிக்குள் ராஜபாளையத்துக் குப்பை. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, பிளாஸ்டிக் டம்ளர், யாரோ காதுகுத்துக்கு வைத்த பிளெக்ஸ் போர்டு. அதில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பத்தைப் பார்த்தபோது எல்லோரையும் பிடித்து லாக்கப்பில் போட வேண்டும் போல இருந்தது.

ஒரு கிலோமீட்டரில் செங்கல் சூளை. அங்கே வரைக்கும் லாரி போகிறது, அதற்கு அப்பால் நடைபாதைதான். சூளையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். இருபது வீடு இருக்கும். தெருமுனையில் பொம்பளைகள் குடத்தை வரிசை வைத்துத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஆறு. வரிசையில் கடைசியாக நின்றவளிடம் கேட்டேன், "ஏட்டி, ஆத்துல ஊத்துத் தோண்டினா வராதா?"

"முந்தி வந்துச்சு. இப்பம் எம்புட்டுத் தோண்டினாலும் சேறுதான் வருது. ஒங்க ஆள்ககிட்டக் கேளுங்க, மண்ணு எங்க போச்சுன்னு" என்று தலைவரைக் கண்ணால் காட்டினாள். அவன் போனில் எதையோ தேடுவது போல முன்னால் போய்விட்டான்.

ஊரைத் தாண்டியதும் பழைய காலத்துப் பாதை. எந்த ராஜா போட்டானோ, சுவடு இன்னும் அங்கங்கே கிடக்கிறது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது, அதில் ஒரு பாதியை யாரோ துணி துவைக்க எடுத்துப் போய்விட்டார்கள். அப்புறம் ஒரு சுமைதாங்கிக் கல். தலைச்சுமையை இறக்கி வைக்க நிறுத்திய கல், பிள்ளைத்தாச்சியாகச் செத்துப்போன ஒருத்தியின் பேரில் வைத்தது. கல்லைத் தாங்குகிற தூணில் அவள் பேர் இருந்திருக்கும். இப்போது அதில் ஒரு கட்சிக்காரன் சின்னம் வரைந்து வைத்திருக்கிறான். செத்த பிறகு ஒரு பொம்பளைக்குக் கிடைத்த கல்லையும் விட்டுவைக்கவில்லை.

மண்டபம் தூரத்தில் இருந்தே தெரியும். ஆற்றுக்குள் இறங்குகிற படித்துறை, அதன் தலைமாட்டில் நாலு தூண் மண்டபம். கூரைக்கல் ஒரு பக்கம் சரிந்து ஆலமரத்து வேரில் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு தூணிலும் ஒரு பெண் உருவம், கையில் விளக்கோடு. ஒருத்திக்கு மூக்கு இல்லை, ஒருத்திக்குக் கை இல்லை. உள்சுவரில் முழுக்க எழுத்து. நான் சின்னப் பிள்ளையாக இருக்கையில் விரலை விட்டுத் தடவினால் எழுத்துப் பள்ளம் குளிர்ச்சியாக இருக்கும். இப்போது தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தம்பி, சாமிக்குச் செய்கிறேன் என்று கடையிலிருந்து டின் டின்னாகக் கொண்டுவந்து, சுவர் பூராவும் பச்சை எனாமல் அடித்துவிட்டான். மூன்று பூச்சு. எழுத்தெல்லாம் அடைபட்டுப் போனது.

"இதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமாலே?" என்று அப்போதே கேட்டேன்.

"யாருக்குக்கா தெரியும்? பழைய எழுத்து. இப்பம் பாரு, எம்புட்டுப் பளிச்சுன்னு இருக்கு" என்றான்.

பளிச்சென்றுதான் இருந்தது, பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர் மாதிரி. அதற்கப்புறம் நான் அவனோடு மூன்று மாசம் பேசவில்லை.

பூசாரி என்னைப் படித்துறையில் முங்கி எழச் சொன்னார். முழங்கால் அளவு தண்ணீர்தான், உட்கார்ந்து தலையை நனைத்தேன். ஈரப் புடவையோடு, முடியைக் கட்டாமல், மண்டபத்துக்குள் வந்தேன். நெற்றி நிறையத் திருநீறு அப்பினார்கள். எங்கள் அம்மனுக்குச் சிலை என்று பெரிதாக இல்லை. தேய்ந்துபோன ஒரு பலகைக் கல், உற்றுப் பார்த்தால் ஒரு பெண் நிற்பது தெரியும். அதன் காலடியில் குனிந்து வலது கையால் ஒரு பிடி அள்ளினேன். ஈரமண். கையை மூடியதும் பூசாரி, "இனிப் பேசக் கூடாது தாயி" என்றார். சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் என் பேரை எப்படி வாசிப்பார்கள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும். பின்பக்கம் தூணடியில் ஒரு மாடக்குழி உண்டு. உத்தரவு கேட்கையில் இரண்டு பொட்டலம் மடிப்பார்கள், ஒன்றில் திருநீறு, ஒன்றில் குங்குமம். கண்ணைக் கட்டிய ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். திருநீறு வந்தால் சாமிக்குச் சம்மதம், குங்குமம் வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் அந்தக் குழியில் வைத்துவிடுவார்கள். அமாவாசைக்கு வைத்தது அப்படியே கிடந்தது. எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது. கடித்த இடத்தில் வெள்ளையாகச் சிந்தியிருந்தது.

குங்குமம் இருக்க வேண்டிய பொட்டலத்தில் திருநீறு.

ஆள்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். இடது கையால் அதை எடுத்து மோந்து பார்த்தேன். திருநீறேதான். இரண்டு பொட்டலத்திலும் ஒன்றையே மடித்து வைத்துக் குழந்தையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ திருட்டைப் பார்த்திருக்கிறேன், சாமியின் வாயில் துணியைத் திணிக்கிற திருட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். கத்த வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. கை மூடியிருக்கிறது, வாய் கட்டியிருக்கிறது. கத்தினால் பிடிமண் போச்சு, பிடிமண் போனால் நோட்டில் என் பேரும் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

பேசாமல் வருகிறவளைச் சுற்றி நடப்பவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. நான் ஏதோ தூக்கிக்கொண்டு வருகிற உற்சவர் மாதிரி, என்னைச் சுற்றிக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் பேசினார்கள். தலைவர் எனக்கு நாலு எட்டு முன்னால் போனில் போய்க்கொண்டிருந்தான்.

"மண்ணு எடுத்தாச்சு அண்ணாச்சி. இனி அது வெறும் இடந்தான். திங்கக்கிழம வண்டிய விடுங்க, மண்டபத்தத் தள்ளிட்டா சூளையில இருந்து பாதை போட்டு, படித்தொற வழியா நேரா ஆத்துக்குள்ள லாரி எறங்கும், மண்ணு இனி அங்கனதான் கெடக்கு. தூணு நாலயும் மட்டும் ஒடைக்காம எடுத்துக் குடுங்க. எம் பண்ணைவீட்டு வாசல்ல நிறுத்தணும்."

வயசானவர்கள் நடக்க முடியவில்லையாம்! வயசானவர்களின் கால் வலிக்கு லாரிப் பாதை போடுகிறான். தம்பியைப் பார்த்தேன். பக்கத்தில்தான் வந்தான், அவன் காதிலும் அத்தனையும் விழுந்தது. அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை. தலையைக் குனிந்துகொண்டான். இவனுக்கு முன்னமே தெரியும்.

தலைவர் போனை வைத்துவிட்டு அவனோடு சேர்ந்து நடந்தான். "நோட்டு விசயத்த அக்காகிட்டப் பொறவு பக்குவமாச் சொல்லிரு. பொம்பளை பேர ஏத்தினா நாளைக்கு எல்லா வீட்டுலயும் கேப்பாளுக. புதுக் கோயில் கல்வெட்டுல நன்கொடைன்னு கீழ எங்கயாச்சும் போட்டுருவோம்."

"செத்த சும்மா இரியேன். வாய்தான் கட்டியிருக்கு, காது கேக்கும்" என்றான் என் தம்பி.

"கேட்டா என்ன? பேசவா முடியும்?" என்று சிரித்தான் தலைவர். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள்.

"ஏலே, நில்லுங்கலே!"

அணிவகுப்பு மைதானத்தில் கொடுக்கிற குரல். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கருவேலத்தில் இருந்த கொக்கு அத்தனையும் எழும்பின. பதினைந்து பேரும் திரும்பினார்கள். தலைவர் கையிலிருந்த போன் மண்ணில் விழுந்தது. நான் ஈரப் புடவையும் விரித்த தலையுமாக, நெற்றியெல்லாம் திருநீறாக, மூடிய கையை ஓங்கிக்கொண்டு நின்றேன். பூசாரிதான் முதலில் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!"

"எவளும் வரலலே! நான்தாம்லே பேசுதேன்!" என்று கத்தினேன். அவ்வளவுதான், ஒவ்வொருத்தனாக விழ ஆரம்பித்தான். எங்கேயோ இருந்து ஒரு சூடக்கட்டி வந்தது, தீப்பெட்டி வந்தது.

"சாமியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெண்டு பொட்டலத்துலயும் துன்னூறு மடிச்சு வச்ச களவாணிப்பய எவம்லே? சொல்லு!"

பூசாரி குப்புற விழுந்தார். அது அவருக்கும் தலைவனுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. "தாயே, தெரியாமச் செஞ்சுட்டோம், பொறுத்துக்கோ தாயே" என்று மண்ணில் நெற்றியை வைத்து அழுதார். நான் இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து வீசினேன். இந்தா பார், எலி கடித்தது, என் கண்ணால் பார்த்து எடுத்தேன் என்று விளக்கமும் சொன்னேன். சாட்சியோடு பேசித்தானே எனக்குப் பழக்கம். அதையும் அவர்கள் அருள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். திருநீறைப் போட்டிபோட்டு எடுத்து நெற்றியில் பூசினார்கள். தலைவன் என் காலைப் பிடித்துக்கொண்டான்.

இத்தனை வருஷம் நாலு வார்த்தை தன்மையாகக் கேட்டேன், காதில் வாங்கவில்லை. சண்டை போட்டேன், ராங்கிக்காரி என்றார்கள். இன்றைக்கும் அதே ஆள்தான், அதே வாய்தான், சொல்வதும் அதே மாதிரிதான். என் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டுமென்றால் நான் நானாக இருக்கக் கூடாது போல. அந்தக் கோபத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தம்பி மட்டும் விழாமல் நின்றான். பிறந்ததிலிருந்து என் கோபத்தைப் பார்த்தவன் அவன். அவனைத் தூக்கி வளர்த்த இடுப்பு இது.

"நீ சொல்லுலே. நான் யாரு?"

அவன் உதடு அசைந்தது. அவனுக்குத் தெரியும். எனக்கு எந்தச் சாமியும் வரவில்லை, வந்திருப்பது அவன் அக்காதான் என்று சத்தியமாகத் தெரியும். அக்கா என்று சொல்லிவிட்டால், தெரிந்தே என்னை இழுத்து வந்தாயே, இடத்தைச் சூளைக்காரனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு என்னையே மண்ணள்ள வைத்தாயே என்று நான் கேட்பதற்கு அவன் பதில் சொல்ல வேண்டும். மெதுவாகக் கைகளைக் கூப்பினான். அப்படியே காலில் விழுந்தான். அக்காவுக்குப் பதில் சொல்வதைவிடச் சாமி காலில் விழுவது அவனுக்குச் சுளுவாக இருந்தது.

"வாக்குச் சொல்லு தாயே. போகணுமா, இருக்கணுமா? கட்டுப்படுதோம்" என்றார் பூசாரி.

நான் சாமி இல்லை, நிதானத்தோடு இருக்கிற ஒரு பொம்பளை என்று இவர்களை நம்பவைத்துவிட்டால் போதும், கோபக்காரி வாயைத் திறந்துவிட்டாள், அது கணக்கில் வராது என்று சொல்லி வேறு கையை வைத்து மண்ணை அள்ளுவார்கள். திங்கட்கிழமை வண்டி வரும். தூணில் இருக்கிற நாலு பெண்களும் தலைவன் பண்ணைவீட்டு வாசலில் காவல் நிற்க வேண்டும். எனக்கு வேறு வழி விடவில்லை பாவிகள்.

"அங்கனயேதான் இருப்பேன். ஒத்தக் கல்லுல கைய வச்சா வம்சம் வெளங்காது" என்றேன். பொய் சொன்னேன். கோர்ட்டில்கூட நான் சொன்னதில்லை.

திரும்பி நடந்து, எடுத்த இடத்திலேயே மண்ணைப் போட்டேன். கையை விரித்தபோது நகக்கண் பதிந்து உள்ளங்கையில் ரத்தம் வந்திருந்தது. சூளைக்காரனுக்குத் தலைவர் அங்கேயே நின்று போன் போட்டு, வேண்டாம் அண்ணாச்சி, சாமி குத்தம் ஆயிரும் என்றான். வண்டி வரவில்லை. மண்டபம் இன்றைக்கும் நிற்கிறது.

சிவராத்திரிக்குப் போனேன். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. தம்பி பெண்டாட்டி என் காலில் தண்ணீர் ஊற்றினாள். முதல் திருநீறு எனக்கு, முதல் மாலை எனக்கு. பூசாரி நோட்டை விரித்துத் தலைக்கட்டு வாசித்தார். மூத்த வழி, இளைய வழி, தம்பி பேர், போன மாசம் கல்யாணமான பயல் பேர், எல்லாம் வந்தது. நோட்டை மூடிவிட்டார்.

"என் பேரு எங்க?" என்றேன்.

"சாமிக்கு என்னத்துக்குத் தாயே தலைக்கட்டு?" என்றார் பூசாரி. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். கூட்டம் ஆமாம் என்று கும்பிட்டது. தம்பியும் கும்பிட்டான்.

அவர் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினேன். பேனாவைப் பிடுங்கினேன். கடைசிப் பக்கத்தில், தம்பி பேருக்கு மேலே இடம் இல்லாததால் எல்லாப் பேருக்கும் கீழே, என் பேரை முழுசாக எழுதினேன். தகப்பன் பேரோடு, செய்த வேலையோடு, ஸ்டேஷனில் முப்பத்து நாலு வருஷம் போட்ட அதே கையெழுத்தைப் போட்டேன். யாரும் தடுக்கவில்லை. குலவை போட்டார்கள்.

போன வாரம் தம்பி போன் செய்தான். இப்போதெல்லாம் என்னிடம் பேசும்போது அவன் குரல் தணிந்துவிடுகிறது, முன்போல நீ, வா, போ என்று பேசுவதும் இல்லை. சாமியே கைப்பட எழுதின தாள் என்று அந்தப் பக்கத்தைப் பத்திரமாகக் கிழித்து, சந்தனம் வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு அம்மனுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்களாம். தலைக்கட்டுக்குப் புது நோட்டு வாங்கி, பழைய பேரையெல்லாம் பார்த்து எழுதியாகிவிட்டதாம்.

"ஏலே, அதுல நான் இருக்கேனா?" என்று கேட்டேன்.

அவன் சரிங்கம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.